கட்டிலுக்கடியில் பட்டாசு

காலையில் வீடு கூட்டும்போது பியூலாவின் விளக்குமாறு கட்டிலுக்கடியில் பாதி தூரம்கூடப் போகவில்லை. அட்டைப்பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றது. ஆடி முடிந்ததிலிருந்து இதே கதைதான். இருபது பெட்டி, அத்தனையும் தீபாவளிப் பட்டாசு. அந்த அறையில் கொசுவர்த்தி ஏற்றக்கூடாது, ஜெபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது, கணவன் பால்துரை சிகரெட் பற்ற வைப்பதென்றால் தெருமுனைக்குத்தான் போக வேண்டும். ஆனால் ராத்திரியானால் அதே பெட்டிகளுக்கு மேலேதான் பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் குறட்டை விட்டார்கள். யோசித்துப் பார்த்தால் கூத்தாகத்தான் இருக்கும். அந்தக் காலனியில் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

பெட்டிகள் அகஸ்டின் சாருடையவை. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், காலனி நலச்சங்கத் தலைவர். வருஷா வருஷம் தீபாவளிச் சீட்டுப் பிடித்துப் பட்டாசுப் பெட்டி கொடுப்பார். குடோன் எடுத்தால் லைசென்ஸ் வேண்டும், தீயணைப்புக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், ஆயிரம் தொல்லை. அதனால் காலனி வீடுகளில் பிரித்து வைத்துவிடுவார். “ஒரே இடத்துல வச்சாத்தான் குடோனு. வீட்டுக்கு இருபதுன்னா அது சாமான்தான்” என்பது அவருடைய சட்டம். வைத்துக்கொள்கிற வீட்டுக்கு ஒரு பெட்டி இலவசம். சிவகாசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பட்டாசுப் பெட்டி அரிசி மூட்டை மாதிரி. பயம் விட்டுப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

இதில் பியூலா தீக்காய வார்டு நர்ஸ் என்பதுதான் வேடிக்கை. சீசன் தொடங்கினால் அவளுக்கு ஓய்வே கிடையாது. வெந்த உடம்புகளுக்குக் கட்டுப்போட்டுவிட்டு வந்து, இருபது பெட்டிக்கு மேலே படுத்துக்கொள்வாள். படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்று பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். காலனிக்கு நடுவே ஒரு பெரிய இடம் கருவேலம் மண்டிக் கிடந்தது. தனி வீடுகள் மட்டும் கட்டலாம் என்று எப்போதோ வகைப்படுத்திய இடம். அந்த வகையை மாற்றி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டலாமா என்று அரசாங்கம் மக்களிடம் கேட்டது. காலனி ஒரே குரலில் கூடாது என்றது.

“நீ நர்ஸு. தீக்காயத்தப் பத்தி ரெண்டு வார்த்தை பேசும்மா. நீ சொன்னா எடுபடும்” என்று முந்தின நாளே அகஸ்டின் சார் சொல்லி வைத்திருந்தார். பியூலாவும் தலையாட்டியிருந்தாள்.

கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் வாசலோரமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். செல்லக்கனி. பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி மதில் சுவரை ஒட்டின தகர வீட்டில் மகளோடு குடியிருந்தாள். போன வருஷம் கம்பெனியில் வெடித்தபோது கூரை பறந்து, வெந்துபோன இடது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டன. கட்டுப்போட்டவள் பியூலாதான். வரப்போகிற குடியிருப்பில் செல்லக்கனிக்கும் ஒரு வீடு என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் சீசன் நேரத்திலும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“சிஸ்டரம்மா, நல்லாருக்கீகளா?” என்று சிரித்தாள். பியூலா பாதி சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வட்டாட்சியர் யோகலட்சுமி கூட்டத்தைத் தொடங்கிவைத்ததும் அகஸ்டின் சார் மைக்கைப் பிடித்தார்.

“நாங்க யாருக்கும் விரோதி இல்ல மேடம். அவுகளும் மனுசங்கதான். ஆனா...”

இந்த ‘ஆனா’ வந்துவிட்டால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது.

“மடியில வெடிமருந்தக் கட்டிட்டு வந்துருவாக. வீட்டுல வச்சுச் சரவெடி பின்னுவாக. எவனாவது பீடியப் போட்டான்னா எங்க கதி என்ன? பிள்ளகுட்டியோட நாங்க எப்பிடித் தூங்குறது? எங்க காலனியில ஒரு பொட்டு மருந்து கிடையாது மேடம். சந்தேகம்னா எந்த வீட்டுக்குள்ள வேணாலும் வந்து பாருங்க.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தட்டினவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருபது இருபது பெட்டி. சாத்தான் வேதம் ஓதுகிறது என்பார்களே, அதற்குக் கைதட்ட ஆள் இருக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

யோகலட்சுமி தலையசைத்தார். “நல்லது சார். நீங்களே கூப்பிடுறீங்க, வர்றோம். தீயணைப்பு அதிகாரியும் இங்கதான் இருக்காரு. டீ குடிச்சிட்டு ஒரு நாலு வீடு பாத்துருவோம். மிச்சத்த அப்புறம் பேசலாம்.”

நுணலும் தன் வாயால் கெடும். அகஸ்டின் சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் சங்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். காகிதக்கடை தவுபிக் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தான். “எங்க வீட்டுல உம்மா படுத்திருக்க ரூமுலதான் சார் அடுக்கியிருக்கு. இப்ப எப்பிடி எடுக்க?”

“சும்மா இருப்பா” என்று அவனை அடக்கின அகஸ்டின் சாரின் கண், குழாயில் தண்ணீர் குடிக்க வந்த செல்லக்கனி மேல் விழுந்தது. குரல் தேனாக மாறியது.

“ஏம்மா, நீ கம்பெனி மதில் ஓரமாத்தான குடியிருக்க?”

“ஆமா சார்.”

“லோடு ஆட்டோ ஒண்ணு அனுப்புறேன். கொஞ்சம் பெட்டி இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒன் வீட்டுல போட்டு வையி. ஒங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கமாச்சே.”

செல்லக்கனி திகைத்துப்போய் நின்றாள். “அடுப்பும் படுக்கையும் ஒரே ரூமுல சார். எம்மக வேற அங்கனதான் இருக்கா. யாராச்சும் வந்து பாத்தா?”

“பாத்தா என்ன? பட்டாசு வேலைக்காரி வீட்டுல பட்டாசு இருந்துச்சும்பாக. அம்புட்டுத்தான. நீ இத மட்டும் செஞ்சுரு, ஒங்க வீட்டு விசயத்துல நான் எதுத்துப் பேசல.”

செல்லக்கனி ஒட்டின விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஒரு வீட்டுக்காக அவள் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுகிற இடத்தில் நின்றாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. “வைக்கத்தான் வேணுமா சார்?” என்று கேட்டாள். அந்தக் குரலில் பாதி சம்மதம் வந்துவிட்டது.

டீ டம்ளரைக் கழுவ வந்த பியூலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சீ, இதுவும் ஒரு மனுசப் பிறவியா என்று அகஸ்டின் சாரை நினைத்தாள். உடனே, லோடு ஆட்டோவில் ஏறப்போகிறதில் தன் வீட்டு இருபது பெட்டியும் உண்டு என்று உறைத்தது. செல்லக்கனியின் பிள்ளை வெந்தால், தன் வார்டுக்குத்தான் வரும். தானே கட்டுப்போட்டு, தானே “அய்யோ பாவம்” என்றும் சொல்வாள். அவள் மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குள் போனாள். யோகலட்சுமி அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தார்.

“மேடம், நீங்க வீடு வீடாத் தேட வேண்டாம். மொதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. கட்டிலுக்கடியில இருபது பெட்டி பட்டாசு இருக்கு. தெரிஞ்சேதான் வச்சிருக்கேன்.”

பால்துரை ஓடி வந்து, “ஏ பியூலா, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

“எம்மேல என்ன நடவடிக்கை வேணாலும் எடுங்க. இவுக குடிவந்தா காலனிக்குள்ள மருந்து வந்துரும்னு பேசத்தான் என்னையக் கூட்டியாந்தாக. மருந்து வந்து ரெண்டு மாசமாச்சு மேடம். கொண்டாந்தது செல்லக்கனி இல்ல, நாங்க. இப்ப மாட்டிக்கிருவோம்னதும், அத அவ வீட்டுக்கே தள்ளிவிடப் பாக்குறாக.”

மத்தியானத்துக்குள் காலனியின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. பீரோவுக்குப் பின்னால் இருந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்து, ஜெப அறையிலிருந்து, தவுபிக்கின் உம்மா படுத்திருந்த அறையிலிருந்து என்று பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. தீயணைப்பு ஆட்கள் அவற்றை வீடுகளை விட்டுத் தள்ளி, காலனிக்கு நடுவே இருந்த அதே காலி இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கௌரவமான குடும்பங்களின் சாமான் ஆள் உயரத்துக்குக் குவிந்தது. பெட்டி வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ், பியூலா வீட்டுக்குத்தான் முதல் நோட்டீஸ். அவள் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

யோகலட்சுமி குவியலைப் பார்த்தார். பிறகு சங்கத்து ஆட்களைப் பார்த்தார். “மருந்து பயம்னு சொன்ன ஆட்சேபணைய நான் ஏத்துக்கிறதுக்கில்ல. இங்க வீடு கட்டலாம்னுதான் மேல எழுதப் போறேன்” என்றார். செல்லக்கனி கருவேலஞ்செடி ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

அகஸ்டின் சார் பியூலாவிடம் வந்தார். அப்போதும் வாய் அடங்கவில்லை.

“மூணாம் மனுசிக்காக நம்ம காலனி மானத்தையே வாங்கிட்டியேம்மா.”

பியூலா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மானம் இன்னைக்குப் போகல சார். நாம வெடிக்க அவுக கை வேணும். நம்ம குத்தத்த ஒளிச்சு வைக்க அவுக வீடு வேணும். ஆனா பக்கத்துல குடியிருக்க மட்டும் அவுக ஆகாதுன்னு கைதட்டுனோம் பாருங்க, மானம் அப்பவே போயிருச்சு.”