ஜாலிக்குப் போட்ட இரண்டு பாயிண்ட்

லில்லி சேம் சைடு கோல் போட்டது ஜனவரி மாதம். அதற்குச் சிரித்து முடிக்கச் செவிலிமேட்டுக்காரர்களுக்கு ஏப்ரல் வந்துவிட்டது. கால்பந்தில் சேம் சைடு போடுகிறவர்கள் உண்டு, அது காலில் பட்டுத் தெறித்து உள்ளே போவது. கூடைப்பந்தில் பத்தடி உயரத்து வளையத்தில், ஓடிப் போய், குதித்து, அழகாக வைத்துவிட்டு வந்தவள் என்றால் அந்த வட்டாரத்திலேயே லில்லி ஒருத்திதான்.

வட்டார லீக்கில் எட்டு கிளப். ஒவ்வொரு கிளப்புக்கும் ஆண்கள் டீம் ஒன்று, பெண்கள் டீம் ஒன்று. ஆட்டமெல்லாம் செவிலிமேட்டுச் சிமென்ட் கோர்ட்டில், சனி ஞாயிறுகளில். நாலு மணிக்குப் பெண்கள், ஆறு மணிக்கு ஆண்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொஞ்சம் காசும், பஸ் செலவும், இடைவேளையில் வாழைப்பழமும் கிடைக்கும். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் எல்லாருக்கும் வார நாளில் வேறு பிழைப்பு இருந்தது. லில்லி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். அவள் புருஷன் தனசேகரன் ஏசி மெக்கானிக்; ஆண்கள் டீமில் வளையத்தடியில் மரம் மாதிரி நிற்கிற சென்டர்.

அன்றைக்கு வாலாஜாபாத் டீமோடு ஆட்டம். பாதி ஆட்டத்தில் லில்லியின் காஞ்சிபுரம் டீம் பதினாலு பாயிண்ட் முன்னால் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு இரண்டு டீமும் பக்கம் மாற வேண்டும். எல்லாரும் மாறினார்கள். லில்லி மட்டும் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தாள். விசில் சத்தம் கேட்டு, பக்கம் மாறுகிற நினைப்பே இல்லாமல் அரக்கப்பரக்க ஓடி வந்தாள். வந்த வேகத்தில் பந்து கைக்கு வந்தது. முன்னால் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. தன் வேகத்தைப் பார்த்து எல்லாரும் பயந்து ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைத்தாள் மகராசி. பின்னாலேயே அபி, அவள் டீம் பெண்தான், "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பாஸ் கேட்கிறாள், கொடுக்க மாட்டேன் என்று இன்னும் வேகமாக ஓடிப் போட்டுவிட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது கோர்ட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆண்கள் டீம் சந்தோஷ்குமார் தரையில் உட்கார்ந்தேவிட்டான். லில்லிக்குக் காது மடல் எரிந்தது. அந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னாள்: பதினாலு பாயிண்ட் லீடு இருக்கிறதே, சும்மா ஒரு ஜாலிக்கு வேண்டுமென்றேதான் போட்டேன் என்று.

அங்கேயே விட்டிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். விடவில்லையே! ஆட்டத்தை ஜெயித்த பிறகும் சொன்னாள். கோச் அம்சவேணி திட்டியபோது சொன்னாள், டீக்கடையில் சொன்னாள், கம்பெனி வேனில் சொன்னாள், வீட்டில் தனசேகரனிடமும் சொன்னாள். சந்தோஷ்குமார் அவளைக் கண்ட இடத்திலெல்லாம் டிராபிக் போலீஸ் மாதிரி இரண்டு கையையும் நீட்டி, "லில்லிக்கா, ரிங் அந்தப் பக்கம்" என்பான். அவள் முறைத்துக்கொண்டு, வேண்டுமென்றுதான் போட்டேன் என்பாள். மூன்று மாதத்தில் எத்தனை முறை சொன்னாளோ, அவளுக்கே கணக்கில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, அந்த சீசனில் அவள் ஆடிய ஆட்டம் யாரும் ஆடவில்லை. வெறி பிடித்த மாதிரி ஆடினாள். மார்ச் கடைசியில் பார்த்தால் பெண்கள் பிரிவில் அதிகப் பாயிண்ட் எடுத்தவர்கள் இரண்டே பேர்: ஒன்று லில்லி, இன்னொன்று வாலாஜாபாத் கேப்டன் தேவிப்ரியா, தென்னேரிப் பெண். முதலாவதாக வருகிறவளைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி தன் டீமுக்கு எடுத்துக்கொள்ளும் என்று லீக் செயலாளர் ராஜகோபால் அறிவித்திருந்தார். டீமுக்கு எடுப்பதென்றால் வேலை, நிரந்தர வேலை. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். லில்லிக்கு இருபத்தொன்பது முடிய ஐந்து மாதம் இருந்தது. அவள் ஆசைப்பட்டாள். வெளியில் காட்டிக்கொள்ளாமல், உள்ளுக்குள் உயிரே போகிற மாதிரி ஆசைப்பட்டாள்.

கடைசி ஆட்டம் மறுபடியும் வாலாஜாபாத்தோடு. பங்குனித் திருவிழாவுக்குப் பஸ்ஸெல்லாம் சுற்றிப் போனதால் அவர்கள் வந்து சேரவே முக்கால் மணி நேரம் தாமதம். ஆட்டம் நெருக்கமாகப் போய் காஞ்சிபுரம் ஜெயித்தது. ஆனால் முடிகிற நேரத்தில் லில்லி எறிந்த பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி வெளியே விழுந்துவிட்டது. ராஜகோபால் மேஜையில் சீசன் முழுவதற்குமான ஸ்கோர் ஷீட்டுகளைப் பரப்பிக் கூட்டினார். தேவிப்ரியா நூற்று எண்பத்தேழு. லில்லி நூற்று எண்பத்தாறு.

லில்லி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். அப்போதுதான் ராஜகோபால் ஜனவரி மாத ஷீட்டை உருவி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவளையும் தேவிப்ரியாவையும் கூப்பிட்டார்.

அவர் சொன்னது லில்லிக்கு அதுவரை தெரியாத ஒரு சட்டம். தெரியாமல் சேம் சைடு போட்டால் அந்த இரண்டு பாயிண்ட் எதிர் டீம் கேப்டன் பெயரில் ஏறும். அதாவது தேவிப்ரியாவின் நூற்று எண்பத்தேழில் இரண்டு, லில்லி கையால் போட்டது. அதே பந்தை வேண்டுமென்றே போட்டிருந்தால் அது தப்பு ஆட்டம், பாயிண்ட்டே கிடையாது. அந்த இரண்டை அடித்துவிட்டால் தேவிப்ரியா நூற்று எண்பத்தைந்து. அன்றைய ஆட்டத்தின் முடிவும் மாறாது. சீசன் முடிவதற்குள் ஆடியவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் ஷீட்டைத் திருத்த லீக் விதியில் இடம் இருந்தது. ராஜகோபால் கெட்டவர் இல்லை. நம் ஊர்ப் பெண்ணுக்குக் கிடைக்கட்டுமே என்கிற ஆசைதான்.

"ஒரே வரி எழுதிக் குடும்மா," என்றார். "வேணும்னே போட்டேன்னு. நீதான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே, புதுசா ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

உண்மைதான், புதிதாக ஒன்றும் இல்லை. பேனாவை வாங்கிக்கொண்டாள். விடிகாலை நாலரை மணி வேனும், ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் புதுசு புதுசாகப் போடுகிற கான்ட்ராக்ட் கையெழுத்தும் அவள் கண்முன் வந்தன. எட்டு வருஷம், சாமி! சொன்ன பொய்க்கு இப்படி ஒரு கூலி கிடைக்கும் என்று யார் கண்டது? பெயரையும் தேதியையும் எழுதினாள்.

எதிரில் நின்ற தேவிப்ரியா சண்டைக்கு வரவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெண், தோளில் பையை மாட்டியபடி நின்றாள். அக்கா எழுதிக் கொடுத்தால் தனக்குச் சம்மதம் என்று ராஜகோபாலிடம் சொன்னாள். பிறகு லில்லியைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமாக்கா? அன்னிக்கு நீங்க ஜாலிக்குப் போட்டேன்னு சொன்னது எங்க பொண்ணுங்க காதுல விழுந்துச்சு. எங்களுக்குப் பாயிண்ட்டைப் பிச்சை போடுறாங்கன்னு ரெண்டு பேர் பஸ்ல அழுதுக்கினே வந்தாங்க. அவ்ளோ மட்டமாவா ஆடுனோம் நாங்க?"

லில்லிக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாகத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான் என்று இருந்தாள். நம்பிய ஒரு கூட்டம் இருந்ததும், நம்பியதால் அழுததும் அவளுக்குத் தெரியாது. அந்த இரண்டு பெண்கள் யாரென்றுகூடத் தெரியாது. வெட்கமாக இருந்தது; ஜனவரியில் பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமா என்று ஆகிவிட்டது.

பேனா கையில் இருந்தது. ராஜகோபால் காத்திருந்தார். ஆண்கள் டீம் வார்ம்-அப்பை நிறுத்திவிட்டு மேஜையைச் சுற்றி நின்றது.

"தெரியாமத்தாம்மா போட்டேன்," என்றாள் லில்லி. "பக்கம் மாறுனதே எனக்குத் தெரியாது. நீங்கள்லாம் என்னப் பாத்து பயந்துட்டீங்கன்னு நெனச்சிக்கினு ஓடுனேன்."

அதையே காகிதத்திலும் எழுதினாள். தெரியாமல் போட்டேன் என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. ராஜகோபால் அதைப் படித்துவிட்டு, ஷீட்டுகளோடு சேர்த்துப் பின் குத்தினார். தேவிப்ரியா அவள் கையைப் பிடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் டீம் கூப்பிட, போய்விட்டாள். சந்தோஷ்குமாருக்கு வழக்கமான கேலி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு போய்விட்டான்.

லில்லி போய் மின்கம்பத்தடியில் உட்கார்ந்தாள். தனசேகரன் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்கிட்டயும் பொய்தான்பா சொன்னேன்," என்றாள்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. தூக்கத்துல, ஐயோ எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு கத்திக்கினே எழுந்து உக்காந்த. மூணு தடவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"வேல போச்சேப்பா," என்றாள்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு முப்பது தாண்டிவிடும் என்று அவனுக்கும் தெரியும்.

"போச்சு," என்றான்.

ரெஃப்ரீ விசில் ஊதி ஆண்கள் டீமைக் கூப்பிட்டார். தனசேகரன் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஊதினார். சென்டர் இல்லாமலே ஆட்டத்தை ஆரம்பித்துக்கொள்ளட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.