முந்நூற்று நாற்பதாவது அடி

முந்நூற்று நாற்பதாவது அடியில் கல் லைசென்ஸ் கேட்டது.

கேட்பதற்குக் கல்லுக்கு உரிமை உண்டு. இதுவரை எந்தக் கல்லும் என்னிடம் கேட்டதில்லை என்பதால் நான் வாங்கி வைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் போர்வெல் போட வந்த ரிக் வண்டிக்காரர் சின்ராசு மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழிக்குள் குனிந்தார். "பாறைங்களா பேசறது?" என்றார்.

"லைசென்ஸ்," என்றது குழி.

குரலில் வயது தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பாறைக்கு இருநூற்றைம்பது கோடி வயது. பெரியவர் என்பதால் நாங்களும் மரியாதையாகவே பேசினோம்.

நான் ஜியாலஜிஸ்ட். எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக் கூடாது என்று இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வருபவன். பட்டம் இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது, வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது. அதையெல்லாம் குழியின் வாயில் நின்று சொன்னேன். துளைக்கும் கம்பி மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சின்ராசு வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அந்த இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று பாயிண்ட் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில். என் மனைவி வசந்தாமணி முருங்கை மரத்துக்குக் கீழே போடலாம் என்றாள். நான் சிரித்தேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன்.

ஒன்பது நாள் ஆயிற்று. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வசந்தாமணி மூன்று தெரு தள்ளிப் போய்க் குடத்தில் தூக்கி வந்தாள். இடுப்பு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். குடத்தைக் கீழே வைக்கும் சத்தத்தில் சொல்வாள். சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. பத்தாம் நாள் வைத்த சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த என் பட்டம் கீழே விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டத்தை எடுத்துக்கொண்டு நிலவியலாளர் உரிம வாரியத்துக்குக் கிளம்பினேன்.

வாரியம் பூமிக்கு அடியில் இருந்தது. மேல் தளத்தில் இந்த வருட விண்ணப்பங்கள். அதற்குக் கீழே போன வருடத்தவை. அப்படியே படிந்து படிந்து கீழே போனது. அடித்தளத்து விண்ணப்பங்கள் நிலக்கரி ஆகியிருந்தன. அதில்தான் டீ போடுகிறார்கள் என்றார் வாட்ச்மேன்.

தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. அதற்கென்று தனியாக ஒருவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் கோடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தாழ்வாரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். டீ குடிக்க அவர் கையை எடுத்தபோது நான் அறைக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே இருந்த அதிகாரியின் பெயர் இருதயராஜ். இடுப்பு வரை கருங்கல்லாகியிருந்தார்.

"உட்காருங்க. நான் எந்திரிக்க முடியாது," என்றார். "ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்குது. அதுக்குள்ள கழுத்துக்கு வந்துரும்."

"வலிக்குதுங்களா?"

"முழங்கால் வலி போயிருச்சுங்க."

பட்டத்தை வாங்கி ஓரத்தை நாக்கால் நக்கிப் பார்த்தார். எங்கள் தொழிலில் கல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அப்படித்தான். "ஒரிஜினல்," என்று எழுதிக்கொண்டார்.

"சொந்தமா கல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இடது கிட்னியில அஞ்சு மில்லிமீட்டர்ல ஒண்ணு இருக்குது."

"அது நீங்க கண்டுபிடிச்சதா?"

"இல்லீங்க. ஸ்கேன்ல தெரிஞ்சது."

"அப்ப அது ஸ்கேன் எடுத்தவங்க கல்லு," என்று அந்த வரியை அடித்துவிட்டார். "லைசென்ஸ் உள்ளவர்கிட்ட அஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்கணும். பார்த்தீங்களா?"

"யாருக்கு லைசென்ஸ் இருக்குதுங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்லீங்க. லைசென்ஸ் உள்ளவர்கிட்ட வேலை பார்த்தவங்களுக்குத்தான் குடுப்போம்."

"அப்புறம் எப்படிங்க முதல் ஆள் வருவாரு?"

"நல்ல கேள்வி," என்று அதையும் எழுதிக்கொண்டார். "முதல் ஆளுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்குது. இது கல்லு, இது கல்லு இல்லைன்னு தினமும் பிரிச்சிருக்கணும். இருபது வருஷம். ஒரு நாள் கூடத் தப்பா சொல்லியிருக்கக் கூடாது."

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "அது நான்தானுங்க," என்றேன்.

அவர் ஒரு பேரேட்டைப் புரட்டினார். "பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒரு சுண்ணாம்புக்கல்லைப் பளிங்குன்னு சொல்லியிருக்கீங்க."

"அன்னைக்கு வெயில் அதிகமுங்க."

"அது நம்பிருச்சு. தன்னைப் பளிங்குன்னு சொல்லிக்கிட்டு ஒரு மாளிகையில போய் வேலை கேட்டிருக்குது. அங்க சிரிச்சுட்டாங்க. இன்னும் யார்கிட்டயும் பேசறதில்லையாம்."

எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. மன்னிப்புக் கடிதத்துக்குப் படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார்.

அப்போது போன் அடித்தது. வசந்தாமணி. இருதயராஜ் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏனுங்க, கெடச்சுதா?"

"இல்ல வசந்தா. கொஞ்சம் சிக்கலா இருக்குது."

"சரி, வாங்க. மறுபடியும் ஒரு நடை தண்ணிக்குப் போகோணும்." பின்னால் சரக் சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு டக் என்று ஏதோ விழுந்தது.

இருதயராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அம்மா என்ன பண்றாங்க?"

"முறத்துல அரிசி போட்டுக் கல் பொறுக்கறா. ரேஷன் அரிசிங்க."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து. இருபத்திநாலு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடறப்ப உங்களுக்குக் கல் கடிச்சிருக்குதா? ஒரே ஒரு தடவை? யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் சாட்சி."

யோசித்தேன். கடித்தது என்று சொல்லிவிடலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. முறம் வைத்திருப்பவளுக்கு லைசென்ஸ், சுத்தியல் வைத்திருப்பவனுக்கு இல்லை என்றால் வெளியில் எப்படித் தலைகாட்டுவது? பிறகு அந்தக் குடம் நினைவுக்கு வந்தது. இருபத்திநாலு வருடச் சோற்றை ஒவ்வொரு கவளமாக மென்று பார்த்தேன். அதற்கு மத்தியானம் வரை ஆனது. அவர் காத்திருந்தார்.

"ஒரு தடவை கூட இல்லீங்க," என்றேன்.

"வாயைத் திறங்க." டார்ச் அடித்து என் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாப் பற்களும் ஒரே மாதிரிச் சாட்சி சொல்லின.

லைசென்ஸ் எண் ஒன்று. பெயர்: வசந்தாமணி. எனக்கும் ஒரு காகிதம் கொடுத்தார். வசந்தாமணி அவர்களிடம் ஐந்து வருடம் பயிற்சி பெற வேண்டும்.

"பயிற்சியில இருக்கறவங்க கடைசியாத்தான் சாப்பிடோணும்," என்றார் இருதயராஜ். "அது விதி."

திரும்பும்போது தாழ்வாரம் நாலு அடிதான் இருந்தது.

வசந்தாமணி லைசென்ஸைப் படித்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். குழிக்குப் பக்கத்தில் போய், "இருக்குதுங்க," என்றாள்.

"அப்படியா அம்மணி," என்றது கல். கம்பி இளகியது.

அவள் குழியை ஒரு நிமிடம் பார்த்தாள். "இது இங்க வேண்டாம்," என்றாள். "தூக்கி முருங்கை மரத்துக்கிட்ட வையுங்க."

சின்ராசும் நானும் குழியை வெளியே இழுத்தோம். முந்நூற்று நாற்பது அடி. படுக்க வைத்தபோது தெருவை அடைத்தது. டவுன் பஸ் சுற்றிப் போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாரு வீட்டுக் குழிங்க?" என்று விசாரித்தார். தோளில் வைத்துத் திருப்பி மரத்தடியில் நிறுத்தினோம். உள்ளே இறங்கிச் சரியாக உட்கார்ந்தது. மூன்றாவது நிமிடம் தண்ணீர் வந்தது. மரத்தின் உச்சி வரை அடித்தது. சின்ராசு நனைந்தபடியே பாயைச் சுருட்டினார்.

வசந்தாமணி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குடத்தை நிரப்பிக் கீழே வைத்தாள். சத்தமே வரவில்லை.

பிறகு முறத்தை என்னிடம் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுக்கினேன். அவள் வந்து நான் ஒதுக்கிய குவியலைப் பார்த்தாள். "பாதி அரிசிங்க," என்றாள்.

மத்தியானச் சாப்பாடு அன்று தாமதமானது. விதிப்படி அவள் முதலில் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். அவள் கை கழுவிய பிறகு, சட்டியின் அடியில் இருந்த சோற்றைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

முதல் கவளத்திலேயே கல் கடித்தது. இரண்டாவதிலும் கடித்தது.

கனமானது அடியில் படியும். முதல் வருடம், முதல் பாடம், முதல் பக்கம். பரீட்சையில் அதற்குப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். எங்கள் வீட்டில் அடிச்சோறு இருபத்திநாலு வருடமாக யாருடைய தட்டில் விழுந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வசந்தா, உனக்கு இத்தனை நாளும் கடிச்சுதா?"

"ரெண்டு மூணு தப்பி வருமுங்க. எப்பவும்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அந்த ஆபீஸ்காரரும் உங்க பல்லைத்தானே பாத்தாரு. போய்ச் சொல்லிராதீங்க. லைசென்ஸ் போயிரும்."

கல்லை உள்ளங்கையில் துப்பினேன். அவள் என் பயிற்சிக்கென்று ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது என்ன கல்லுன்னு சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நக்கியும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் சரியாகத் தெரியவில்லை.

"தெரியல," என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதை அப்படியே எழுதி, பக்கத்தில் 'சரி' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். அடியில் இன்னும் கொஞ்சம் சோறு இருந்தது.