கரமடி வலித்த ஞாயிறு

கடல் செல்வனைக் கொண்டுபோனது 1931 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். நாகர்கோவில் கல்லூரி விடுதியிலிருந்து குளிக்க வந்த மாணவர்களில் அவனும் ஒருவன். திருவட்டாறு பக்கத்து மலையோர ஊர்க்காரன், நீச்சல் தெரியாது. ஒரே அலைதான். மற்றவர்கள் அலறிக்கொண்டு கரையேறி விடுதியைப் பார்த்து ஓடினார்கள். அவனுடைய அறைத்தோழன் ஞானதாசன் மட்டும் மீனவர் குடிசைகளை நோக்கி ஓடினான்.

முதல் குடிசை அல்போன்சுடையது. அவர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் ஞானதாசனின் கால்கள் தயங்கின. இரண்டு மாதங்களுக்கு முன் விளையாட்டாக மாணவர்கள் கடலில் தள்ளிவிட்டதால் பாறையில் மோதி உடைந்த கட்டுமரம் அவருடையது. நியாயம் கேட்டு விடுதி வாசலுக்கு வந்தவரைப் பார்த்து மூக்கைப் பொத்திச் சிரித்தவர்களில் ஞானதாசனும் இருந்தான்.

"அண்ணே, எங்கூட வந்தவன் கடல்ல போயிட்டான். வாங்கண்ணே!"

அல்போன்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "எதுல ஏறிப் போவச் சொல்லுதே? எனக்கு மரம் இருக்கா?"

ஞானதாசன் மணலில் விழுந்து அவர் கால்களைப் பிடித்தான். கையை உதறிவிட்டு அவர் கடலோரம் போனார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். அலைகள் ஆள் உயரத்துக்கு எழுந்து உடைந்தன.

"தல தெரியல்ல. இந்தக் கடல்ல இப்ப எறங்குனா நாங்களும் திரும்பி வரமாட்டோம். போ."

அவன் போகவில்லை. இருட்டிய பிறகும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி கரையில் மேலும் கீழும் நடந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் பூசை முடிந்து ஊர்சனம் வெளியே வரும்போது, இரவோடிரவாகத் தகவல் கிடைத்த செல்வனின் தாய் செல்லத்தாய் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். விதவை. அதுவரை கடலையே பார்த்திராதவள். அதன் அகலத்தைக் கண்டு அப்படியே நின்றாள்.

"இதுக்குள்ளயா எனக்க மோன் கெடக்கான்? இதுல எங்க போயித் தேடுவேன்?"

அவள் தண்ணீரை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அல்போன்சின் மனைவி வேளாங்கண்ணி ஓடிப்போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு கணவனிடம் வந்தாள்.

"கரமடி போடணும்," என்றாள். கடலில் வளைத்துப் போட்டு, இரு முனையிலும் கட்டிய கயிற்றால் கரைக்கு இழுக்கும் பெரிய வலை அது.

"ஆளு எங்க இருக்கு? மீனு இல்லாம பாதிப் பேரு வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போயாச்சு." அல்போன்ஸ் மணலில் இருந்த தாயைப் பார்த்தார்; பிறகு ஞானதாசன் பக்கம் திரும்பினார். "ஊரு வள்ளத்துல நான் வலையக் கொண்டு போட்டுருவேன். ரெண்டு பக்கமும் கயிறு வலிக்க ஆளு வேணும். ஒனக்க கூட்டத்தக் கூட்டிட்டு வருவியா?"

ஞானதாசன் விடுதிக்கு ஓடினான். "போனா அடிச்சே கொல்லுவானுவ" என்று ஒருவன் சொன்னான். "அடிக்கட்டும். அவன அங்க விட்டுட்டு இங்க எப்படிச் சோறு திங்கிய?" என்று ஞானதாசன் கத்தினான். முதலில் நாலைந்து பேர் எழுந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக முக்கால்வாசி விடுதியே கிளம்பியது.

அல்போன்சும் நான்கு பேரும் அலையை அறுத்து வள்ளத்தைக் கொண்டுபோனார்கள். ஒருமுறை அது செங்குத்தாக எழுந்தபோது கரையில் பெண்கள் மாதாவைக் கூப்பிட்டுக் கதறினார்கள். வலையை வளைத்துப் போட்டு மறுமுனைக் கயிற்றோடு வள்ளம் திரும்பியது. ஊராரும் மாணவர்களும் கலந்து நின்று வலித்தார்கள். கயிறு மாணவர்களின் உள்ளங்கைத் தோலை உரித்தது.

வலையின் பை போன்ற மடி கரைக்கு வந்தபோது அதற்குள் வெள்ளி வெள்ளியாகச் சாளை மீன் துள்ளியது. வாரக்கணக்கில் மீன் கண்டிராத ஊர். குழந்தைகள் ஓலைப்பெட்டியோடு ஓடி வந்தன. வேளாங்கண்ணி குறுக்கே நின்றாள்.

"ஆரும் தொடப்பிடாது. ஒரு தாய்க்க பிள்ள உள்ள கெடக்கு. அது கரைக்கு வராம இந்த மீனு நம்ம அடுப்புல ஏறாது."

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஆண்கள் மடியை அவிழ்த்து மீனைக் கடலுக்கே விட்டார்கள். அதைப் பார்த்து நின்ற மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இரண்டாம் முறை வந்தது பாசியும் சொறிமீனும். மூன்றாம் முறை கயிறு கனத்தது. மடிக்குள் செல்வனின் கோடுபோட்ட சட்டையை முதலில் கண்டவன் ஞானதாசன். கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

செல்லத்தாய் மகனின் முகத்திலிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். அவன் கண்ணைத் துடைத்தாள். காதுக்குள் இருந்ததையும் எடுத்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"இவனுக்க கூட நின்னது ஆரு?"

"நான்தான், அம்மா."

"கூப்பிட்டானா?"

"எனக்க பேரச் சொல்லிக் கூப்பிட்டான்."

"நீ போனியா?"

"போவல்ல. பயந்துட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகன் மேல் கவிழ்ந்தாள்.

அல்போன்சும் மாணவர்களுமாக உடலைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். அந்தத் தாயைத் தனியே அனுப்ப மனமில்லாமல் வேளாங்கண்ணியும் ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் ஞானதாசன் அதன் பின்னால் நடந்தான். அல்போன்ஸ் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நேத்திலேருந்து நீ ஒண்ணும் தின்னல்லியே."

"தொண்டையில எறங்காதுண்ணே."

"எறங்காதுதான். மலை வரைக்கும் நடக்கணும்லா?"

வீட்டுக்குள்ளிருந்து ஆறிய கஞ்சியைக் கொண்டுவந்தார். தோலுரிந்த கைகளால் ஞானதாசனுக்குச் சட்டியைப் பிடிக்க முடியவில்லை. அல்போன்சே அதை அவன் வாயருகே பிடித்தார். இரண்டு மடக்குக் குடித்தான். மூன்றாவது மடக்கு அழுகையோடு வெளியே வந்தது. அவர் சட்டியைக் கீழே வைத்தார். அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார்.