அமீனுக்கு இல்லாத அதிகாரம்

குடும்பநல நீதிமன்றத்தின் அமீன் அப்பாதுரை ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. ஆறு வயது அனுஷாவை அவள் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு அவர் கையில் இருந்தது. பாதுகாப்புக்கு ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்திருந்தார். தகப்பன் பாலகுமார் தெருவில் காரோடு நின்றான்.

கதவைத் திறந்த சந்திரம்மா, குழந்தையின் பெரியம்மா. தங்கை பிரசவத்தில் இறந்துபோக, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தவள். அனுஷாவுக்கு அவள்தான் அம்மா. சந்தாபுராவில் மறுமணம் செய்துகொண்டு இருந்த பாலகுமார், இப்போதுதான் மகள் வேண்டுமென்று வழக்குப் போட்டு ஜெயித்திருந்தான்.

"நீங்க போலீஸா?" என்றாள் சந்திரம்மா.

"இல்லம்மா, கோர்ட் அமீன். ஆர்டர்ல இருக்கறத செய்யறதுதான் என் வேலை."

"நான் அனுப்பலன்னா?"

"அனுப்பலன்னு ஜட்ஜுக்கு எழுதிக் கொடுப்பேன். குழந்தைய இழுத்துட்டுப் போகச் சொல்லி இதுல எழுதல. எழுதியிருந்தாலும் எனக்கு மனசு வராது."

அப்பீலும் தோற்றுப்போயிருந்தது. இன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள் என்று சந்திரம்மாவுக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கினாள். ஆனால் அனுஷா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. கெஞ்சியும் பார்த்தார்கள், பிஸ்கட் கொடுத்தும் பார்த்தார்கள்.

"நான் பந்தோபஸ்துக்குத்தான் வந்தேன் சார். குழந்தை மேல கை வெக்க மாட்டேன்" என்று கான்ஸ்டபிள் ஒதுங்கி நின்றார்.

பொறுமையிழந்த பாலகுமார் உள்ளே வந்தான். "இங்க பாரு, நீ வரலன்னா இவங்க உன் பெரியம்மாவ ஜெயிலுக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க."

அப்பாதுரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சார் பேசறீங்க? என்னால யாரையும் அரெஸ்ட் பண்ண முடியாது." குழந்தையின் பக்கம் குனிந்தார். "பொய் பாப்பா. மாமாவுக்கு அந்த அதிகாரமே கிடையாது. நெஜமா."

அனுஷா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்தாள். கம்பியை விட்டுவிட்டாள்.

"நான் போறேன். அம்மாவ விட்டுடுங்க."

"என்ன யாரும் புடிக்க மாட்டாங்கடா கண்ணு!" சந்திரம்மா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். குழந்தை சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தானே செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். அழவில்லை.

பாலகுமார் சொன்னதையும் அப்பாதுரை தன் அறிக்கையில் எழுதினார். நீதிபதி அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். உத்தரவு மாறவில்லை. கோர்ட்டிலேயே இருக்கும் குழந்தைகள் அறையில், மாதம் ஒரு சனிக்கிழமை சந்திரம்மா அனுஷாவைப் பார்க்கலாம் என்றாயிற்று.

முதல் சனிக்கிழமை, அந்த அறை வழியாகப் போன அப்பாதுரை, சந்திரம்மா குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். நலம் விசாரிக்கலாமென்று ஒரு அடி உள்ளே வைத்தார்.

அனுஷா துள்ளி எழுந்தாள். பாதிப் பின்னல் அவிழ, சந்திரம்மாவுக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"நான் அங்கதான் இருக்கேன் மாமா. ஒழுங்கா இருக்கேன். அழறதே இல்ல."

அப்பாதுரை அப்படியே பின்வாங்கி வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் அந்தப் பக்கம் போவதில்லை.