மூன்றாவது மாதத்தின் கையெழுத்து

"மூணாவது மாடி உங்களுக்குண்ணா" என்று மனிதவளத் துறைப் பெண் பெயிண்ட் ரோலரை நீட்டியபோது, மெக்கானிக்குக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது. வேறு மாடி கேட்டால் ஏன் என்பாள். வாங்கிக்கொண்டு படியேறினார்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. வருடத்தில் ஒரு நாள் ஊழியர்கள் எல்லாரும் ஒரே நிறச் சட்டை மாட்டிக்கொண்டு அக்கம்பக்கத்தில் எங்காவது தொண்டு செய்யப் போக வேண்டும். போன வருடம் பூங்காவைப் பெருக்கினார்கள். பெருக்கியதைவிடப் படம் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். இந்த வருடம் இந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவர்கள். கம்பெனி எதையும் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்காது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சுக்கு எல்லாமே வேண்டுமென்று செய்ததாகத்தான் படும்.

இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டே காலெடுத்து வைத்த மனிதர் விழுந்து இறந்துபோனார். கதவின் பூட்டு திடீரென்று பழுதாகிவிட்டது என்று விசாரணையில் முடிவானது. மாதாமாதம் சோதனை செய்ததற்கு அட்டையில் கையெழுத்து இருந்ததே! கம்பெனி சார்பில் வக்கீல் பேசினார். கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கை யாரும் கூப்பிடவில்லை. ஒருமுறை வரும்போதே மூன்று மாதக் கட்டங்களிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது அவர்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்; அவரும் செய்தார். அந்த மனிதர் விழுந்தது மூன்றாவது மாதத்தில். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிட்டது. மெக்கானிக்குக்கு மட்டும் அந்தச் சோறு இன்றுவரை இறங்கவில்லை.

முதல் கை பெயிண்ட் அடிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை வந்து நின்று, கதவு திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது. கீழே யாராவது தவறான பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அது ஏன் அப்படி வரும் என்பதற்கு அவருக்குப் பத்துக் காரணம் தெரியும். பத்தும் தெரிந்தும் கதவிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

எதிர்வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். வாசலுக்கு உள்ளே, விழுந்த அந்த மனிதரின் படம் மாலையோடு தெரிந்தது.

"நீங்க லிஃப்ட் வேலை தெரிஞ்சவரா?"

"ஆமாம்மா."

"நான் அதுல ஏறுறதே இல்ல. முட்டி வலிச்சாலும் படிதான்." தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் விழுந்ததுக்கு விசாரணையில காட்டுன அந்த அட்டையோட நகல் என்கிட்ட இருக்கு. கையெழுத்துப் போட்டவரை முதல்ல சபிச்சேன். அப்புறம் நினைச்சேன், பாவம், வந்து பாத்திருக்காரு, கண்ணுக்குத் தப்பியிருக்கும். மனுஷன்தானே? அப்படி நினைச்சப்புறம்தான் தூக்கம் வந்துச்சு."

மெக்கானிக் ரோலரைத் தட்டில் தோய்த்தார். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தார். சபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் வராத ஒரு நாளுக்காக இந்த அம்மா அவரை மன்னித்து வைத்திருந்தார்.

மாலையில் மனிதவளத் துறைப் பெண் தாளோடு வந்தாள்; எதிர்வீட்டு அம்மாவும் வாசலுக்கு வந்தார். "வந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்ணா. இந்த மாடியில வேலை முடிஞ்சதுக்கு ஆன்ட்டி, நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க."

பெயரை மட்டும் எழுதிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? பேனா தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அவர் இருபது வருடமாகப் போடுகிறபடியே, கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்துச் சுழித்துப் போட்டார். தாளை அந்த அம்மாவிடம் தானே நீட்டினார்.

அம்மா பேனாவை வாங்கவில்லை. தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். நகலில் பார்த்துப் பழகிய அதே வால்.

"வந்து பாத்தீங்கல்ல?"

கேள்வி அல்ல அது, கெஞ்சல்.

"வரலம்மா."

மனிதவளத் துறைப் பெண் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது லிஃப்ட் மறுபடியும் வந்து நின்றது. கதவு திறந்தது. அம்மாவும் மெக்கானிக்கும் ஒரே நேரத்தில், உள்ளே தரை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.