மேல் தாழ்ப்பாள்

சல்லடை சார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்பே வழக்கைத் திறந்துவிடுவார். அடிபட்ட வண்டிகளுக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கோப்புகளைத் துருவிப் பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. இருபது வருடமாகப் பொய் பொறுக்கிச் சம்பாதித்த பட்டப்பெயர் அவருக்கு. முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் பொருந்தவில்லையா, ஒரு சிவப்பு வட்டம், கோப்பு மூடல். மாற்றிப் பேசுகிறவன் பொய்யன். அவ்வளவுதான் அவர் வேதம். இப்போது அந்தச் சிவப்புப் பேனாவை ஒரு தாயின் மேல் வைத்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவளை மண்டையில் அடித்துப் போட்டு, பீரோவைக் கிளறி, ஐந்து வயதுப் பெண் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவனும் பிடிபடவில்லை. குழந்தையும் கிடைக்கவில்லை. போலீஸ் ஆறப்போட்டதைச் சல்லடை சார் சூடாக்கி, அதற்கென்றே ஒரு சேனல் நடத்தினார். பார்க்கிறவர்கள் அறுபதாயிரம் பேர். அறுபதாயிரமும் துப்பறியும் புலிகள். வீட்டுப் படங்களை அவர்கள்தான் எடுத்து அனுப்பினார்கள். அவர் அந்தத் தெருவை மிதித்ததுகூட இல்லை.

மேசைக் கோடியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்து ஐந்து மாதம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தத் தாய் அவள் கூடப்பிறந்த அக்கா என்பது அங்கே ஈ எறும்புக்கும் தெரியாது. வேலைக்குத் தோழி வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாள். சார் கணக்கில் ஒரு வாரம் அக்கா புருஷனான லாரி ஓட்டுகிற மாமா குற்றவாளி, மறுவாரம் பால்காரர். இவள் உணவோடு சேர்த்து எல்லாவற்றையும் விழுங்கினாள். வாயைத் திறந்தால் வேலை போகும் அளவுக்கு வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாரிடம் புதிய சரக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியை யாரோ பேச வைத்திருந்தார்கள். ரத்தத்தோடு தூக்கியபோது அக்கா முனகினாளாம், ஆள் வர வேண்டியிருந்தது, அதனால்தான் மேல் தாழ்ப்பாள் போடவில்லை என்று. மறுநாள் போலீஸிடம் சொன்னதோ, போட மறந்துவிட்டேன் என்று. கேஷியரம்மா டப்பா மூடியை நக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"வேற யாரு, கள்ளப் புருஷன்தான். இவளுங்களுக்குப் புள்ள ஒரு பாரம்."

சார் செல்போனில், யாரோ ஜன்னல் வழியே எடுத்த கதவின் உள்பக்கப் படத்தைக் காட்டினார். கீழே மட்டும் ஒரு கொக்கி போட்டிருந்தது. மேல் தாழ்ப்பாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"போன வாரம் எடுத்தது. இன்னும் மேல போடல பாருங்க. பயமில்லைன்னு அர்த்தம். பயமில்லைன்னா, தெரிஞ்ச ஆளுன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை வாசல்லயே நின்னு கேட்டுருவோம். நேரலை."

இன்னொரு தடவை கூட்டம் கூடினால் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அக்கா செத்தாலும் அந்த வீட்டை விடமாட்டாள். குழந்தைக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். கதவிடுக்கில் அட்டையை நுழைத்து நெம்பினால் கீழ்க்கொக்கி வெளியிலிருந்தே திறக்கும். அந்த வித்தையைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தவள் சித்தியான இவள்தான். ஒருநாள் வந்து நெம்பினால் திறக்க வேண்டுமே என்றுதான் அக்கா மேல் தாழ்ப்பாளைத் தொடுவதில்லை.

புதுசு கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"அந்த ஆள் நான்தான் சார்."

"என்னம்மா?"

"நீங்க தேடுற ஆள். அவ என் அக்கா. அன்னைக்கு எனக்குக் கடைசிப் பரீட்சை. ரெண்டு மணிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போய்ட்டேன். நான் வந்து உள்ள நுழையணும்னு மேல போடாம படுத்தா. என்னால புள்ள போச்சுன்னு ஊரு பேசும்னுதான் மறந்துட்டேன்னு சொன்னா."

கேஷியரம்மா டப்பாவை மூடினாள். மனுஷனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். சார் பேனா மூடியைக் கழற்றினார்.

"அப்போ கொக்கி வெளிய இருந்து திறக்கும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சினிமாவுக்கு யார் யார் வந்தாங்க? அவங்களுக்கும் தெரியுமா?"

இதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். எலும்பைக் கண்ட பிறகு நாய் பழைய வாசலில் நிற்காது.

"ஞாயித்துக்கிழமை இங்கயே எடுங்க. என்னை நிக்க வச்சுக் கேளுங்க. ஆனா அந்தத் தெருவுல ஒருத்தர் கால் வைக்கக் கூடாது. வச்சா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கரும்பு தின்னக் கூலியா? உடனே ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலக மாடிப்படியில் நிறுத்தி இரண்டு மணி நேரம் அவளை உரித்தார்கள். எந்தப் படம், எந்த வரிசை, போனை ஏன் அணைத்தாய், பீரோவிலிருந்து போன நெக்லஸ் மேல் உனக்கு ஆசை இருந்ததா. அவள் பதில் சொன்னாள், சில சமயம் பதிலுக்கு வைதாள். மாலைக்குள் தீர்ப்பு வந்துவிட்டது: சித்திக்காரிதான் கூட்டுக் களவாணி. அக்கா வீட்டுத் தெருவில் ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிரவு அவள் பழைய கல்லூரி அடையாள அட்டையால் கொக்கியை நெம்பி உள்ளே போனாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், செல்போன் மடியில்.

"ரெண்டு வருஷமா மூடி வச்சத சந்தையில கொட்டிட்டு வந்திருக்க. நாளைக்குப் போலீஸ் உன்னைத்தான் இழுக்கும்."

"இழுக்கட்டும். வீடு காலி பண்ண வேணாம்ல."

அக்கா நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

"அன்னைக்குப் பஸ் வரலைன்னுல்ல என்கிட்ட சொன்ன?"

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் பொருந்தவில்லை.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கொக்கியப் போடு," என்றாள். "கீழது மட்டும்."