சிவப்பு நூல் கட்டிய சுரைக்காய்

கத்தி இறங்கிய சத்தத்திலேயே எப்சிபாவுக்குத் தெரிந்துவிட்டது, காய் முற்றவில்லை என்று. முற்றிக் காய்ந்த சுரைக்காயைக் கத்தியால் அறுக்க முடியாது, ரம்பம் வேண்டும். இது சதக்கென்று இறங்கியது. கல்யாண மண்டபத்தின் கடைசியில் கேனிலிருந்து காகிதக் கப்புகளில் காப்பி பிடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். தென்காசியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் கையுறை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றார். அவருக்குப் பின்னால், 'ஆடிப்பட்டத்துக்கு நம் விதையை நாமே எடுப்போம்' என்று பேனர் தொங்கியது. மேசையில் இரண்டு பாதியாகக் கிடந்தது அவளுடைய காய். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது, பிஞ்சாக இருந்தபோது பந்தல் கம்பியில் உரசி வந்தது. அவள் கையிலிருந்த கப் நிரம்பி வழிந்து விரலைச் சுட்ட பிறகுதான் குழாயை மூடினாள்.

"விதை இன்னும் பாலாவே இருக்கு பாருங்க" என்றார் பயிற்சியாளர். "இதுலேர்ந்து நாம என்ன கத்துக்கிறோம்? முத்தாத காயில விதை எடுக்கக் கூடாது." எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுச் சுரைக்காய்க்காரர்களோ, கொடியில் கிடந்த சுரைக்காயையும் எதற்கும் உதவாமல் ஆக்கிவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வருஷமாயிற்று. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் வாசலில் காய்கறி விற்றவள், யாரும் வாங்காமல் முற்றிப்போன காய் ஒன்றை எப்சிபாவிடம் சும்மாவே தூக்கிக் கொடுத்தாள். அதன் விதையில் எட்டுச் செடி வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் உள்ள இந்தத் தோட்டத்துக்குப் போர்வெல் தண்ணீர்தான். குடத்தில் ஒரு நாள் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. ஏழு செடி இலை கருகிச் செத்தன. ஒன்று நின்றது, காய்த்தது. அதில் விதை எடுத்துப் போட்டாள், மறு வருஷம் மூன்று நின்றன. கசந்த காயை ஒதுக்கினாள், கோணலானதை ஒதுக்கினாள். காலையில் தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போவதற்கு முன் தண்ணீர் விட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து கொடியைத் தூக்கிக் கட்டி, உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு இனிக்கிற காய் ஒன்றை அவள் உண்டாக்கியிருந்தாள். அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. விதைக்கு விடுகிற காயில் மட்டும் தறிக்கூடத்துக் கழிவு நூலில் சிவப்பாகப் பார்த்து ஒன்று கட்டுவாள்.

தோட்டச் சங்கத்தில் அவளும் உறுப்பினர்தான். ஆனாலும் கூட்டம் என்றால் காப்பி கேன் அவள் கைக்குத்தான் வரும். யாரும் இதைச் செய் என்று சொன்னதில்லை, அவளும் ஏன் என்று கேட்டதில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே வந்தது.

அவள் நேராக மேடையடிக்குப் போனாள். சங்கத் தலைவர் சுந்தரராஜ் முன்வரிசையில் இருந்தார். இரும்புக் கடைக்காரர். தோட்டத்து இடம் அவருடையது, மோட்டார் அவர் போட்டது. வாடகை என்று ஒரு பைசா கேட்டதில்லை. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடிந்தால் எப்சிபாவுக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, இந்தக் காய யாரு பறிச்சா?"

"நான்தான். தோட்டத்துலயே பெருசு அதுதான. வந்தவருக்கு ஒரு நல்ல காயாக் காட்டாண்டாமா?"

"நூலு கட்டியிருந்தேனே."

"அந்தச் செவப்புக் கயிறா? அது திருஷ்டிக்குன்னுல்லா நெனச்சேன். சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க திருஷ்டியெல்லாம் பாப்பாங்களான்னு ஒரு யோசன வந்துச்சு பாத்துக்கோ. நல்ல நாளும் அதுவுமா அசிங்கமா இருக்கேன்னு அறுத்துப் போட்டேன்." அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

எப்சிபா சிரிக்கவில்லை. "இன்னும் இருபது நாள் கெடந்தா முத்தியிருக்கும். இது ஒண்ணுதான் விட்டிருந்தேன்."

"போன வருசம் எல்லாருக்கும் குடுத்தோம்லா, கவர்ல போட்டு. அதுல ரெண்டு வாங்கிக்கோ."

கொடுத்தது உண்மை. அவள் தனக்கு நட எடுத்துக்கொண்டது போக மிச்சம் ஒரு டப்பா விதையையும் வாங்கி, சங்கத்தின் பேர் அச்சடித்த கவரில் இரண்டிரண்டாகப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அவள் பேர் கவரில் இல்லை. அன்று அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

"போன வருசம் சொர வெத வாங்கினவங்க யாரும் போட்டீங்களா? யாருகிட்டயாவது ஒரு வெத இருக்கா?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாடியில் இடமில்லை என்றார் ஒருவர். ஊருக்குப் போய்விட்டோம் என்றார் இன்னொருவர். வேல்விழி டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "கவர் அழகா இருந்துச்சுன்னு பிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன்."

"உள்ள வெத இருக்கா டீச்சர்?"

"பிள்ளைங்க வெளையாடிக் கொட்டிட்டுது."

தையற்கடை ஷாஹின் பானு மட்டும் எழுந்து நின்றாள். "நான் போட்டேன்க்கா. மொளச்சுது. தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

விதை நெல்லைக் குத்திப் பொங்கல் வைத்துவிட்டு, பொங்கல் நன்றாயிருக்கிறதா என்று கேட்கிற கூட்டம். எப்சிபாவுக்கு அழுகை வந்திருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும், ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது வரவில்லை. பயிற்சியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், கொடியில வேற காய் இருக்குமே" என்றார்.

"கொடி அடியில காஞ்சுட்டு சார். வெதைக்கு விட்ட கொடி அப்படித்தான் காயும். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கையுறையைக் கழற்றினார். சுந்தரராஜ்தான் சொன்னார், "சரி விடு எப்சிபா, ஒரு காய்க்குப் போயி. அஞ்சு மணிக்குத் தோட்டத்துல குரூப் போட்டோ. எல்லாரும் காப்பி குடிச்சிட்டு வந்திருங்க."

அவள் காப்பி கேன் பக்கம் போகவில்லை. பின்வாசல் வழியாக இறங்கித் தோட்டத்துக்குள் போனாள். காலையில் தண்ணீர் விடுகிறவள் என்பதால் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். கேட்டைச் சாத்தி, சங்கிலியை உள்பக்கமாகச் சுற்றி, பூட்டினாள். பந்தலடியில் அறுந்த சிவப்பு நூல் மண்ணில் கிடந்தது. எடுத்து உதறினாள். பிறகு கொடியை அடியிலிருந்து நுனி வரை கையால் தடவிக்கொண்டே போனாள். நுனியில், நாலு பச்சை இலைக்கு நடுவில், பிஞ்சோடு ஒரு பெண் மொட்டு இருந்தது. சுரை பொழுது சாயத்தான் பூக்கும். கொடிக்கு ஒரு காயைச் சுமக்கிற தெம்பு இருக்கிறதோ இல்லையோ, ஆடிப்பட்டம் எப்படியும் தவறிவிடும். இருந்தாலும் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வேரில் ஊற்றினாள்.

அவர்கள் வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. சங்கிலி கலகலவென்று ஆடியது.

"எப்சிபா, கேட்டத் தொற. எல்லாரும் நிக்காங்க."

"பூ விரியட்டும் அண்ணாச்சி."

"என்ன பூவு? வெளையாடுதியா? எடம் என்னுது, ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கு. நாளைக்கே வராதன்னு சொல்லுங்க, வரல. இன்னைக்கு யாரும் உள்ள வராண்டாம். அவசரம்னா உங்க கடையில ரம்பம் இருக்கும்லா, எடுத்துட்டு வந்து அறுங்க."

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது. "வேண்டாம் அண்ணாச்சி" என்று ஷாஹின் பானு சொன்னதும் கேட்டது.

எப்சிபா திரும்பிப் பார்க்கவில்லை. மொட்டு விரிந்ததும் மகரந்தம் தடவ, பக்கத்தில் இருந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்து வைத்துக்கொண்டாள். சிவப்பு நூலைப் பல்லில் கடித்தபடி நுனிக்கொடியைத் தாழ்த்திப் பிடித்தாள். மொட்டின் ஒரு இதழ் வெள்ளையாகப் பிரிந்திருந்தது. இரண்டாவது இன்னும் சுருண்டுதான் இருந்தது. பைக் சத்தம் இரும்புக் கடை இருக்கிற திருவேங்கடம் ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.